சாலையால் ஏறும் நில மதிப்புக்குக் கட்டணம்: எங்கே தப்பு செய்கிறார்கள்?

பொதுப் பணத்தில் ஒரு சாலையை அகலப்படுத்தினால், ஓரத்தில் நிலம் வைத்திருப்பவருக்குக் கைக்காசு செலவில்லாமல் மதிப்பு ஏறிவிடுகிறது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை அவரிடமே வாங்கிச் சாலைச் செலவுக்குப் போடுவதுதான் மேம்பாட்டுக் கட்டணம். கொலம்பியாவில் 1921-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் முழு நம்பிக்கை உண்டு. அதனால்தான், கணக்கை அவசரத்தில் போட்டு நியாயமான ஒரு வசூலைத் தண்டம் போல ஆக்கிவிடும்போது மனசு கேட்பதில்லை.

அதிகம் நடக்கும் தவறு, ஏறிய விலையை எல்லாம் சாலையின் கணக்கில் எழுதுவது. சாலைக்கு முன் ஒரு மனையின் மதிப்பு 100, இரண்டு மூன்று வருடம் கழித்து 150 என்று வைத்துக்கொள்வோம். உடனே 50-க்குக் கட்டணம் போட்டுவிடுகிறார்கள். ஆனால் சாலையின் பலன் எட்டாத, மற்றபடி இதே மாதிரியான இன்னொரு பகுதியில் அதே காலத்தில் 100 என்பது 130 ஆகியிருந்தால்? அந்த 30 எப்படியும் ஏறியிருக்கும். சாலை கொடுத்தது 20 மட்டுமே. அதில் பாதி என்று விதித்தால் 10 கேட்கலாம், ஆனால் 25 கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் அனுப்பும் நோட்டீஸை நான் கணக்காகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இதோடு ஒட்டியதுதான் தேதிக் குழப்பம். சாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பும்போதே விலை நகரத் தொடங்கிவிடும், தார் போடுவது எல்லாம் அப்புறம். திறப்பு விழா நாளைத் தொடக்கமாக வைத்தால், ஏற்றத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். நடுவில் விற்றவர் லாபத்தோடு போய்விடுவார், ஏறிய விலை கொடுத்து வாங்கியவர் கையில் நோட்டீஸ் வந்து விழும். அறிவிப்புக்கு முந்தைய மதிப்பை அடிப்படையாக வைப்பதும், கட்டணம் வரப்போகிறது என்பதை நில ஆவணத்திலேயே பதிந்து வாங்குபவருக்குத் தெரியப்படுத்துவதும் அவசியம்.

சாலை நெடுகிலும் ஒரே விகிதம் போடுவது இன்னொன்று. மேம்பாலம் ஏறும் இடத்தில் உள்ள கடையைப் பாருங்கள். முன்பு வாசலில் வண்டி நிறுத்தி இறங்கி வந்தவர்கள் இப்போது தலைக்கு மேலே பறந்து போகிறார்கள், கடைக்கு மிஞ்சுவது தூணின் நிழலும் இரைச்சலும்தான். எதிரே திருப்பம் உள்ள மூலை மனைக்கோ இரட்டிப்பு யோகம். முகப்பு எத்தனை அடி என்று அளந்து, சாலைச் செலவை அதன்படி வகுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே தொகை வரும். செலவு எவ்வளவு என்பது மொத்த வசூலுக்கு உச்சவரம்பாக இருக்கட்டும், ஆளாளுக்கு எவ்வளவு என்பதை அவரவர் அடைந்த பலன்தான் முடிவு செய்ய வேண்டும். அதிலும் நிலத்தின் மதிப்பை மட்டும் எடுக்க வேண்டும். கட்டடம் சொந்தக்காரர் தன் காசில் கட்டியது. சிட்னி துறைமுகப் பாலத்துக்கு 1922-இல் சட்டம் போட்டபோது, செலவில் மூன்றில் ஒரு பங்கைப் பலன்பெறும் பகுதிகளின் நில உரிமையாளர்கள் மீது வைத்தார்கள், கட்டடத்தைச் சேர்க்காத வெறும் நில மதிப்பின் மேல்.

ஏற்றம் முழுவதையும் எடுத்துவிடலாம் என்ற ஆசையும் வேண்டாம். பிரிட்டனில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் செய்து பார்த்தது. அது சாலைக்கானது இல்லை, கட்டட அனுமதியால் கூடும் மதிப்புக்கானது, ஆனால் பாடம் ஒன்றுதான். 100 விழுக்காடு எடுத்ததில் நிலத்தை விற்க உரிமையாளருக்கு எந்தக் காரணமும் மிஞ்சவில்லை, விற்பனை தேங்கியது, அடுத்து வந்த அரசு 1953-இல் அதை நீக்கிவிட்டது. மதிப்பிடுவதில் எப்படியும் கொஞ்சம் பிசகு இருக்கும், அதற்கும் இடம் விட்டுத்தான் விகிதம் வைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது ஒரே தவணையில் கட்டச் சொல்வது. மதிப்பு ஏறியது காகிதத்தில்தானே, கையில் பணமாக எங்கே வந்தது? ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் முப்பது வருடமாக இருக்கும் வீட்டை விற்கப்போவதே இல்லை, அவரிடம் போய் மூன்று மாதத்தில் கட்டு என்றால் வீட்டைத்தான் விற்க வேண்டும். பல வருடத் தவணை கொடுக்கலாம், இல்லாவிட்டால் விற்கும் நாளிலோ வாரிசுக்கு மாறும் நாளிலோ வாங்கிக்கொள்ளலாம். கொலம்பியாவின் 1966-ஆம் ஆண்டு விதிகள் திட்டச் செலவு, பலன் இரண்டோடு கட்டுபவரின் சக்தியையும் பார்க்கச் சொல்கின்றன.

அப்புறம், ஒரே ஏற்றத்துக்கு இரண்டு முறை வாங்குவது. சாலைக்காக முன்பக்கம் இரண்டு மீட்டர் கொடுத்தவருக்கு, மீதி நிலத்தின் மதிப்பு கூடியது என்று சொல்லி இழப்பீட்டில் ஏற்கெனவே கழித்திருந்தால், அதே ஏற்றத்துக்கு மறுபடி கட்டணம் கேட்கக் கூடாது. சொத்து வரி சந்தை மதிப்பை ஒட்டி ஏறும் இடங்களிலும் இதைச் சரிபார்க்க வேண்டும்.

உங்களுக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் அதில் நாலு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்தத் தேதியின் மதிப்பு, எந்தப் பகுதியோடு ஒப்பிட்டார்கள், ஏற்றத்தில் எத்தனை பங்கு, எந்தச் சாலைக்கு இந்தப் பணம் போகிறது. ஒன்று விட்டுப்போயிருந்தாலும் கெடு முடிவதற்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.