தூண்டிலில் கெண்டை, கெண்டை வாலில் விரால்: புதிதாகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு

தண்ணீரில் மிதந்த தக்கை லேசாக ஆடியது. சுண்டினேன். விரல் நீளக் கெண்டை ஒன்று பளபளத்துக்கொண்டு மேலே வந்தது. கரைக்கு இன்னும் இரண்டு முழம்தான். அதற்குள் தாமரை இலைக்கு அடியிலிருந்து 'டபக்' என்று ஒரு சத்தம். கெண்டையைக் காணோம். மூங்கில் கம்பு வில்லாக வளைந்தது, தூண்டில் நரம்பு விண்ணென்று நின்றது, அடுத்த நொடியே தொய்ந்து விழுந்தது. தூண்டில் முள் போயே போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா தலையைக்கூடத் திருப்பவில்லை. "விரால்டா. அதுகூட எதுக்கு மல்லுக்கு நின்ன?" என்றார்.

தஞ்சாவூர்ப் பக்கம் குளத்திலும் வாய்க்காலிலும் தூண்டில் போடுகிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். அயிரையை விட்டு வராலைப் பிடிப்பது என்று பழமொழியே இருக்கிறது. அது பொடி மீனைத் தெரிந்தே இரையாக விடுவது. நமக்கு நடப்பது தெரியாமல் விட்டது. அப்படி நடக்கும்போது கையும் கம்பும் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

படி 1: கிளம்புவதற்கு முன்

முதலில் குளம் யாருடையது என்று கேளுங்கள். நிறையக் குளங்களையும் ஏரிகளையும் மீன் பாசிக்கு, அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கு, குத்தகைக்கு விட்டிருப்பார்கள். கேட்டுவிட்டுப் போட்டால் ஒரு வார்த்தையோடு முடியும், கேட்காமல் போட்டால் கம்பையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் நரம்பு. கெண்டைக்கு 0.20 மி.மீ. போதும். ஆனால் இலையும் கோரையும் உள்ள தண்ணீர் என்றால் 0.35 போட்டுக்கொள்ளுங்கள். கெண்டை கடிப்பது கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் முடிச்சு. அன்று முள் போனதும் நரம்பின் நுனியைச் சித்தப்பா கையில் வாங்கிப் பார்த்தார். பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. நரம்பு அறுந்திருந்தால் நுனி நேராக இருக்கும். சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று அர்த்தம். அதாவது விரால் ஜெயிக்கவில்லை, நான் ஒழுங்காகக் கட்டவில்லை. முள்ளின் வளையத்தில் நரம்பைக் கோத்து, நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, நுனியை வளையத்தை ஒட்டிய கண்ணிக்குள் விட்டு, இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த நைலானை வெடுக்கென்று இறுக்கினால் உராயும் சூட்டிலேயே அது பலம் இழந்துவிடும். இறுக்கிய பிறகு முள்ளை ஒரு கட்டையில் மாட்டி, பலமாக இழுத்துப் பாருங்கள். அங்கே உருவினால் நல்லது, இன்னொரு தடவை கட்டலாம்.

படி 2: தண்ணீரைப் பாருங்கள்

உட்கார்ந்ததும் இரையைப் போட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் சும்மா பாருங்கள். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி அறை உண்டு. அதனால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். இலைகளுக்கு நடுவே ஒரு சின்னக் 'களுக்', ஒரு வட்டம், அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவை ஒரே இடத்தில் அது கேட்டால், அங்கே ஆள் இருக்கிறார்.

மழைக்காலத்தில் இன்னொன்றும் கண்ணில் படும். செம்மண் கரைத்து ஊற்றியது போல் ஒரு கூட்டம் மேலே வந்து பொரபொரவென்று கொப்பளிக்கும். அது விரால் குஞ்சு. அடியில் பெரியது காவல் நிற்கும். பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும் என்பதால், அங்கேயே குறிவைத்துப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. காவல் போனால் அத்தனை குஞ்சையும் குறவையும் மற்ற மீன்களும் தின்றுவிடும். அங்கிருந்து எழுந்து வேறு இடம் பாருங்கள்.

படி 3: தக்கை சொல்வதைக் கேளுங்கள்

கெண்டை என்றால் தக்கை டக் டக்கென்று துள்ளும். ஜிலேபி மீன் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். விரால் விளையாடாது. தக்கை ஒரே முழுக்காக முழுகி, நரம்பு நேராக இலைக் கூட்டத்தை நோக்கிப் போகும். அசைவே இல்லாமல், ஏதோ அடியில் சிக்கிக்கொண்டது போல் கனத்து, பிறகு பின்பக்கமாக நெளிந்து இழுத்தால் விலாங்கு. இருட்டிய பிறகு ஆற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினால் வாளையாக இருக்கலாம். அதற்கு வாய் பெரிது, வரிசை வரிசையாகப் பொடிப் பற்கள். மெல்லிய நரம்பை அராவி அறுத்துவிடும்.

படி 4: சுண்டாதீர்கள்

கெண்டை தூண்டிலில் இருக்கும்போது அதைப் பெரியது ஒன்று கவ்விவிட்டது. இப்போது நினைவில் வையுங்கள்: முள் இருப்பது கெண்டையின் வாயில், விராலின் வாயில் இல்லை. இந்த நேரத்தில் வெடுக்கென்று இழுத்தால், ஒன்று கெண்டை பிய்ந்து வரும், இல்லை முடிச்சு போகும்.

கம்பின் நுனியைத் தாழ்த்தி நரம்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். குறுக்கே கவ்விய இரையைப் பெரும்பாலும் திருப்பித் தலைப்பக்கமாகத்தான் விழுங்கும். ஐந்தாறு எண்ணுங்கள். நரம்பு மறுபடி சீராக நகரத் தொடங்கும்போது, கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரே அழுத்தமாக இழுங்கள். இலை எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம். ரீல் இல்லாத மூங்கில் கம்பு என்றால் உங்கள் கால்தான் ரீல். மீன் ஓடினால் கரையோடு நாலடி கூடவே நடங்கள்.

சரி, கரை வரைக்கும் வந்துவிட்டது. தூக்காதீர்கள்! முள் குத்தாமல், விட மனசில்லாமல் கெண்டையைக் கவ்விக்கொண்டே வந்த விரால், வெளியே தூக்கியதும் வாயைத் திறந்துவிட்டுப் போய்விடும். வலை இருந்தால் அடியில் விட்டு அள்ளுங்கள். இல்லாவிட்டால் சரிவான மண் கரையில் இழுத்து ஏற்றுங்கள்.

படி 5: கையில் பிடிப்பது

ஈரச் சாக்கைப் போட்டுத் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடியுங்கள். வெறுங்கையில் வழுக்கும். வாய்க்குள் விரலை விடாதீர்கள், மூக்கு நீண்ட இடுக்கியால் முள்ளை எடுங்கள்.

மீசையோடு கறுப்பாக, ஒல்லியாக வந்தால் மட்டும் தொடாதீர்கள். அது தேளியாக இருக்கலாம். செவுளுக்குப் பின்னால் இருக்கும் முள் குத்தினால் விஷம் ஏறி, கை முழுக்கக் கடுக்கும். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வையுங்கள், வலி தணியும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

படி 6: வீட்டுக்குக் கொண்டுபோவது

இதை ஒரு படியாக எழுதக் காரணம் இருக்கிறது. அடுத்த மாதம் அதே குளத்தில் ஒரு விராலைப் பிடித்தேன். அரை மணி நேரம் அசையவில்லை. செத்துவிட்டது என்று கட்டைப்பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் டீக்கடை. பையை பெஞ்சில் வைத்துவிட்டு கிளாசை வாங்கினேன். பை ஒரு தடவை உப்பியது. அடுத்த நொடி விரால் பெஞ்சிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து பாய்லர் மேடைக்கு அடியில். கடைக்காரர் பாம்பு என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார். காற்றைக் குடித்து வாழ்கிற மீன் அது, உடம்பில் ஈரம் இருக்கிற வரை லேசில் சாகாது. துடைப்பத்தால் அதை வெளியே தள்ளுவதற்குள் டீ ஆறிப்போயிருந்தது.

இப்போதெல்லாம் மூடி போட்ட வாளிதான். மூடியில் காற்றுக்கு நாலு ஓட்டை, மூடிக்கு மேலே ஒரு செங்கல்.