கிடார்க் கழுத்தில் ட்ரஸ் ராடுக்குக் காடி எடுக்கும் முறை

வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் அமர்ந்திருப்பதால், தண்டி சற்று அசைந்துவிட்டாலும் மெழுகை இளக்கி மேளத்தை, அதாவது மெட்டு வரிசையை, திரும்பக் கட்டிவிடலாம்; வீணை வித்துவான் சாம்பசிவ ஐயரின் ஊரான காரைக்குடியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிடாருக்கு அந்த வசதி கிடையாது. அதன் மெட்டுகள் மரத்திலேயே அறையப்பட்டவை. அக்கூஸ்டிக் கிடாரின் ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் கழுத்தை முன்னோக்கி வளைக்கின்றன. அந்த வளைவைத் திருத்துவதற்குத்தான் கழுத்தினுள் ட்ரஸ் ராடு எனும் எஃகுக் கம்பி வைக்கப்படுகிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ இதற்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். இன்று கிடைக்கும், கழுத்தை முன்னும் பின்னும் வளைக்கக்கூடிய இருதிசை ராடுகளுக்கு வளைந்த காடி (ராடு உட்காரும் பள்ளம்) தேவையில்லை. நேரான, ஒரே ஆழமுள்ள காடி போதும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பர்மா தேக்குச் சட்டத்தில் கழுத்து செய்ய நினைப்பவர்கள், முதலில் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். தலை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்ட ஆணி, காடி வெட்டும் ரூட்டர் இயந்திரத்தின் பிட்டை (சுழலும் வெட்டுமுனையை)ப் பாழாக்குவதோடு கண்ணுக்கும் ஆபத்தாக முடியும். தேக்கின் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும் என்பதால் முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.

இந்த வேலையில் மிக முக்கியமானது வரிசைமுறை. கழுத்து சதுரக் கட்டையாக இருக்கும்போதே காடியை எடுத்துவிட வேண்டும். பக்கங்களைக் கூம்பலாக அறுத்து, முதுகை உருட்டிய பிறகு ரூட்டரின் வழிகாட்டிக்குச் சாய நேரான விளிம்பே இருக்காது. மெட்டுகளைத் தாங்கும் விரல்பலகை ஒட்டப்போகும் முகத்தை இழைப்புளியால் சமமாக்கி, ஒரு பக்கத்தை அதற்கு மூலைமட்டத்தில் சரியாகச் செங்குத்தாக்கி, நடுக்கோட்டைக் கூரிய கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். பென்சில் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் பிழையைக் கொண்டுவரும்.

அளவைக் கையிலுள்ள ராடிலிருந்தே எடுக்க வேண்டும். அட்டவணையை நம்பக் கூடாது. ஒரே பெயரில் விற்கப்படும் ராடுகள்கூட ஒன்று 9 மி.மீ. உயரமும் இன்னொன்று 11 மி.மீ. உயரமுமாக இருக்கின்றன. அகலம் பெரும்பாலும் 6 மி.மீ. வெர்னியரால் அளந்து, அடியில் எஞ்சும் மரத்தையும் கணக்கிடுங்கள்: முதல் மெட்டருகே கழுத்தின் மொத்தத் தடிமன் 21 மி.மீ., விரல்பலகை 6 மி.மீ. என்றால், மீதமுள்ள 15-இல் காடி 10-ஐ எடுத்துக்கொள்ள, முதுகில் 5 மி.மீ. மட்டுமே மிஞ்சும். 4-க்குக் கீழே போக நான் துணிவதில்லை.

கட்டையை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, ரூட்டரை உங்களிடமிருந்து முன்னோக்கித் தள்ளுங்கள். அப்போது கட்டையின் விளிம்பில் உரசும் வழிகாட்டி வலப்பக்கம் இருக்க வேண்டும். பிட் சுழலும் திசை ரூட்டரை இடப்பக்கம் தள்ளுவதால், வழிகாட்டி விளிம்போடு தானாகவே இறுகும். மாற்றிப் பிடித்தால் காடி கோணிக்கொள்ளும். ஒரு ஓட்டத்தில் 2 மி.மீ.-க்கு மேல் இறக்காமல், ஐந்தாறு ஓட்டங்களில் ஆழத்தை எட்டுவது நல்லது. கழிவுக் கட்டை ஒன்றில் முதலில் ஓட்டி ராடைப் பொருத்திப் பார்ப்பது, கழுத்து மரத்தின் விலையைவிட மலிவு.

என் இரண்டாவது கழுத்தில் பிட்டைப் பிடித்திருக்கும் கோலெட்டை அரைகுறையாக இறுக்கியிருந்தேன். தூளை மேலே அள்ளும் சுருள் பிட், வெட்டும்போது தன்னைத்தானே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. கடைசி ஓட்டத்தின் முடிவில் காடி ஒரு முனையில் 10 மி.மீ., மறுமுனையில் 12 மி.மீ. என்றிருந்தது. அடியில் தேக்குச் சிம்பு ஒட்டி ஒப்பேற்றினேன். அன்றிலிருந்து ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஆழத்தை இரு முனைகளிலும் அளக்கிறேன்.

திருகும் நட்டு ராடைவிடப் பருமனாக இருந்தால், அந்த முனையை மட்டும் உளியால் தேவையான அளவுக்கு அகலமாக்க வேண்டும். ராடு விரலால் அழுத்தினால் உள்ளே இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் காடி இறுக்கம், கட்டையைக் குலுக்கினால் கடகடவென்றால் தளர்வு. தளர்வான ராடு பிற்பாடு சில சுரங்களில் மட்டும் அதிரும். எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும். இரண்டு இடங்களில் ஒரு சொட்டு சிலிக்கான் வைத்தால் இது அடங்கும்.

விரல்பலகையை ஒட்டுவதற்கு முன் ராடை வெளியில் எடுத்து, நட்டை இருபுறமும் திருப்பி, அது வளைகிறதா என்று பார்த்து, இழுவையற்ற நடுநிலையில் விட்டுவிடுங்கள். பழைய தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டும் முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ராடைப் பொருத்திய பின் காடியின் மேல் மெல்லிய நாடா ஒட்டி, பசை தடவி முடித்ததும் அதை உரித்தெடுத்துவிட்டுப் பலகையை வைத்தால், பசை உள்ளே வழிந்து ராடைப் பிடித்துக்கொள்ளாது.