கேனில் கலப்பதா, பம்புக்கு விடுவதா?

என் கராஜ் நோர்வூட்டில். தோட்டத்து மருந்தடிக்கும் மெஷினும் புல்வெட்டும் மெஷினும்தான் அதிகம் வரும். காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் நுவரெலியா கிரகரி வாவியிலும் ஓடுகிற டு ஸ்ட்ரோக் படகு எஞ்சின்களும் வரும். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஒயிலைப் பெற்றோலில் நாமே கலப்பது நல்லதா, பம்ப் வைத்த எஞ்சின் நல்லதா?

டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கீழே ஒயில் நிற்கும் இடம் கிடையாது. பெற்றோலோடு போகிற ஒயில்தான் பிஸ்டனுக்கும் பெயரிங்குக்கும் உயிர்.

முதலில் கலவை. பெரும்பாலான எஞ்சின்களுக்கு 50:1, அதாவது லீற்றருக்கு 20 மில்லி. 5 லீற்றர் கேனுக்கு 100 மில்லி. இதற்கு நான் வைத்திருப்பது என் மகள் குடித்த பால் போத்தல். மில்லிக் கோடுகள் தெளிவாக இருக்கும். கேனில் பாதிப் பெற்றோலை ஊற்றி, ஒயிலை விட்டு, மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்குங்கள். அப்புறம் மீதிப் பெற்றோல். நுவரெலியாக் குளிரில் காலையில் ஒயில் தேன் மாதிரி இறுகி இருக்கும். குலுக்காமல் விட்டால் அடியில் போய்த் தங்கிவிடும். எஞ்சின் முதலில் அந்த ஒயிலை இழுத்துப் பிளக்கை நனைக்கும், பிறகு வெறும் பெற்றோலில் காய்ந்து ஓடும். புது எஞ்சினுக்கு ஆரம்ப மணித்தியாலங்களில் ஒயில் கூடுதலாக வேண்டும். பல எஞ்சின்களில் அது 25:1. எஞ்சினோடு வந்த புத்தகத்தைப் பார்த்து விடுங்கள்.

படகு எஞ்சினுக்கு வாங்கும் ஒயில் போத்தலில் TC-W3 என்று இருக்க வேண்டும், அது தண்ணீரில் குளிரும் டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஒயில் தரம். புல்வெட்டும் மெஷினின் ஒயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. படகு எஞ்சின் வாவித் தண்ணீரில் குளிர்கிறது. அந்த ஒயிலை ஊற்றினால் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் சாம்பல் படியும்.

பம்ப் வைத்த எஞ்சினில் ஒயிலுக்குத் தனித் தாங்கி. எஞ்சின் வேகத்தையும் திரொட்டிலையும் பார்த்துப் பம்ப் அளந்து கொடுக்கும். மெதுவாக ஓடும்போது ஒயில் குறைவு, முழு வேகத்தில் அதிகம். நாள் முழுக்கச் சுற்றுலாக்காரரை ஏற்றி மெல்ல ஓடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. புகை குறைவு, பிளக்கும் சீக்கிரம் கெடாது.

ஆனால் பம்பை நம்பிக் கண்ணை மூடக் கூடாது. காசல்ரீயில் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், கடற்கரைப் பக்கமிருந்து பழைய 40 குதிரைவலு எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். ஒயில் தாங்கி நிறைய இருந்தது, அலாரம் அடிக்கவில்லை. மூன்றாம் நாள் நடு நீரில் எஞ்சின் இறுகி நின்றது. கழற்றிப் பார்த்தேன், பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்க, கத்தியால் இழுத்த மாதிரிக் கோடு கோடாகக் கீறல். ஒயில் குழாய் காய்ந்து, பம்புக்குப் பக்கத்தில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. அந்த வழியே காற்றை இழுத்த பம்ப், ஒயிலை இழுக்கவே இல்லை. அந்த அலாரம் தாங்கியில் ஒயில் குறைந்தால்தான் அடிக்கும். எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே பழைய எஞ்சின் வாங்கினால் குழாய்களை மாற்றி, பம்பின் காற்றுத் திருகைத் திறந்து குமிழி நிற்கும்வரை ஒயிலை வடிய விடுங்கள். முதல் தாங்கிப் பெற்றோலில் 50:1 கலந்தே ஓட்டுங்கள். ஒயில் தாங்கியில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். ஓட ஓட மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பம்ப் வேலை செய்கிறது. அதற்குப் பிறகே வெறும் பெற்றோல்.

இங்கே இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கிறது: புகை வந்தால் ஒயிலைக் குறைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்று மெலிவு, கடல்மட்டத்துக்குப் பொருத்திய காபரேட்டர் இங்கே பெற்றோலைக் கூடுதலாக விடும். பிளக் கறுப்பதும் எஞ்சின் இழுவை குறைவதும் அதனால்தான். மாற்ற வேண்டியது மெயின் ஜெட், அதாவது காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சிறு துளை. சிறிய அளவு போடுங்கள், ஒயில் அளவில் கை வைக்காதீர்கள்.

15 குதிரைவலுவுக்குள், ஓட்டுவதும் நிரப்புவதும் ஒரே ஆள் என்றால் கேனில் கலப்பதையே சொல்வேன். குழாயும் பம்பும் இல்லை, பழுதாக ஒன்றுமில்லை. கலந்ததை ஒரு மாதத்துக்குள் ஓட்டி முடியுங்கள். அந்த அண்ணனின் எஞ்சினுக்குப் புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தேன், பம்பைக் கழற்றவில்லை. ஒயில் தாங்கியில் கறுப்புக் கோடு போட்டிருக்கிறார். கரைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.