எந்த குரூப், எந்தக் கையெழுத்து? பத்தாவது முடித்தவர்களுக்கு ஒரு செய்முறை

பத்தாவது ரிசல்ட் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்த குரூப்?" கையெழுத்தைப் பற்றிய பேச்சு வர ஒன்றரை வருடம் ஆகும். பிளஸ் டூ அரையாண்டு விடைத்தாளைப் பார்த்துவிட்டுத்தான் "எழுத்தைக் கொஞ்சம் திருத்தக் கூடாதா?" என்று அம்மா அப்பா கேட்பார்கள். அப்போது திருத்த நாள் இருக்காது. அதனால் இரண்டையும் பிளஸ் ஒன் சேரும்போதே சேர்த்து யோசியுங்கள் என்கிறேன். அடுத்த இரண்டு வருடம் உங்கள் கை தினமும் என்ன வேலை செய்யப்போகிறது என்பதை குரூப்தான் முடிவு செய்கிறது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை வைத்து எழுதுகிறேன்.

படி 1: நேரக் கணக்கைப் பாருங்கள்

பிளஸ் டூவில் ஆறு பாடம், மொத்தம் 600 மதிப்பெண். செய்முறைத் தேர்வு உள்ள பாடம் என்றால் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. இரண்டுக்கும் நேரம் அதே 3 மணிதான். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

இயற்பியல் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண் வினா 6, மூன்று மதிப்பெண் வினா 6, ஐந்து மதிப்பெண் வினா 5 எழுத வேண்டும். ஆக 32 விடைகள். கணிதத்தில் ஒரு மதிப்பெண் 20, அப்புறம் மற்ற மூன்று வகையிலும் ஏழேழு. ஆக 41 விடைகள். முதல் தாளில் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். இரண்டாவதில் சரியாக 2 நிமிடம்.

கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் மூன்றும் 90 மதிப்பெண் தாள்கள்தான். மொழித்தாள்களும் அப்படியே. அதனால் காமர்ஸ் குரூப் 'லேசு' என்ற பேச்சை நம்பிச் சேராதீர்கள். வேகமான கை வேண்டிய குரூப் அது. அறிவியல் குரூப்பின் சுமை வேறு இடத்தில் இருக்கிறது: ரெக்கார்டு நோட்டுகள், செய்முறைத் தேர்வுகள், படங்கள். உயிரியல் எடுத்தால் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 என்று பிரித்து, இரண்டு புத்தகத்தையும் ஒரே நாளில் எழுத வேண்டும்.

படி 2: சேருமுன் கையால் செய்து பாருங்கள்

பிளஸ் ஒன் முடித்த அக்காவிடமோ அண்ணனிடமோ புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். யோசிக்கும் ஒவ்வொரு பாடத்திலும் முதல் அத்தியாயத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதுங்கள். படித்துப் பார்த்தால் போதாது, எழுத வேண்டும். உயிரியலில் ஒரு படம் வரைந்து பாகம் குறியுங்கள். கணக்குப்பதிவியலில் குறிப்பேட்டுக்குக் கட்டம் போட்டு, நாள், விவரம், பற்று, வரவு என்று நாலைந்து பதிவுகள் எழுதுங்கள். கணிதத்தில் ஒரு எடுத்துக்காட்டை மூடிவைத்துவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் இன்னொன்று செய்யத் தோன்றுகிறதா, எப்போது எழுந்து போகலாம் என்றிருக்கிறதா? நண்பன் எந்த குரூப் எடுக்கிறான் என்பதைவிட இது நல்ல அடையாளம்.

அடுத்தது மேற்படிப்பு. பொறியியல் சேர்க்கைக்குப் பார்க்கும் கட்-ஆஃப் மதிப்பெண் மொத்தம் 200: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மருத்துவத்துக்கு நீட் எழுத இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் வேண்டும். இரண்டு வழியும் திறந்திருக்கட்டும் என்று உயிரியல்-கணித குரூப்பில் சேர்ப்பது வழக்கம். உண்மையிலேயே முடிவு செய்ய முடியாதவர்களுக்கு அது சரி. ஆனால் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக, கணக்கு என்றாலே பயப்படும் பிள்ளையை அதில் சேர்க்காதீர்கள். ஆறு பாடத்தில் ஒன்று தினமும் இரவைத் தின்றால் மற்ற ஐந்தும் இளைத்துப் போகும்.

படி 3: கையெழுத்தைச் சோதியுங்கள்

நன்றாகத் தெரிந்த ஒரு விடையை எடுத்து, கடிகாரம் வைத்து, அரை மணி நேரம் நிறுத்தாமல் எழுதுங்கள். முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்தை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பாடம் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. ஊகித்துப் படிக்க மாட்டார். அவர் தடுமாறும் ஒவ்வொரு எழுத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள்.

பெரும்பாலும் நாலைந்து எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப மாட்டும். தமிழில் துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோல விழும். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் சுழி எண்ணிக்கை தெரியாது. வேகத்தில் புள்ளி விட்டுப்போகும், அல்லது பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு யூவும் வியும் குழம்பும். இயற்பியலில் ஒரு சமன்பாட்டையே அது மாற்றிவிடும். எண்களில் 1, 7 இரண்டையும், 0, 6 இரண்டையும் பாருங்கள்.

முழுக் கையெழுத்தையும் மாற்றக் கிளம்ப வேண்டாம். வாரத்துக்கு இரண்டு எழுத்து எடுத்துக்கொண்டு, அவை வரும் சொற்களாக தினமும் அரைப் பக்கம் எழுதினால் போதும். தனி எழுத்தாக நூறு முறை எழுதுவதில் பெரிய பயன் இல்லை. எழுத்து கெடுவது பக்கத்து எழுத்தோடு சேரும்போதுதான்.

படி 4: ஒரு பாணியை முடிவு செய்யுங்கள்

சாய்வா, நேரா, கூட்டெழுத்தா, தனி எழுத்தா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மூன்றாவது மணி நேரத்திலும் எது கலையாமல் வருகிறதோ அது. சாய்வுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. சாய்வு வரிக்கு வரி மாறினால்தான் திருத்துபவரின் கண் களைக்கும். தலைப்புகளைத் தனித்தனி எழுத்தாக நேராகவும், விடையை உங்கள் இயல்பான வேகத்திலும் எழுதிப் பழகுங்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி, விடைக்கு விடை இரண்டு வரி, ஓரத்தில் வினா எண் தெளிவாக. எழுத்து சுமாராக இருப்பவர்கள்கூட இதைச் செய்தாலே பக்கம் பளிச்சென்று தெரியும். மாற்றம் எதுவானாலும் பிளஸ் டூ காலாண்டுக்குள் முடித்துவிடுங்கள். அரையாண்டுக்குப் பிறகு புதுப் பாணி வேண்டாம்.

பேனாவை இறுக்கிப் பிடிப்பவர்களுக்குத்தான் சீக்கிரம் விரல் வலிக்கும். நுனியிலிருந்து சற்று மேலே, தளர்வாகப் பிடித்து, முழங்கைவரை மேசையில் வைத்து எழுதிப் பாருங்கள். ஜெல் பேனா கை பட்டு இழுக்கிறது என்றால் பால் பாயிண்டுக்கு மாறுங்கள். எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை, படத்துக்குப் பென்சில் என்று வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கும். ஸ்கெட்ச் பேனா அலங்காரத்துக்கு வேலையே இல்லை.

படி 5: திருப்புதல் தேர்விலேயே ஒத்திகை

பொதுத்தேர்வில் எழுதத் தொடங்குமுன் வினாத்தாள் படிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம் தருவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தெந்த வினா எழுதப்போகிறீர்கள் என்று மனதில் குறித்துவிடுங்கள். கட்டாய வினாவை முதலில் தேடுங்கள். இயற்பியலில் வினா எண் 24, 33, கணிதத்தில் வினா எண் 30, 40. தவறாக எழுதிய வரியை ஒரே கோட்டால் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். மேலேயே திருத்தி எழுதினால் இரண்டுமே படிக்க முடியாமல் போகும். இதையெல்லாம் ஒவ்வொரு திருப்புதல் தேர்விலும் செய்யுங்கள். விடைத்தாள் திரும்பி வந்ததும் மார்க்கைப் பார்த்த கையோடு கடைசி நான்கு பக்கங்களைப் புரட்டி, பழைய வட்டமிட்ட எழுத்துகள் அங்கே எப்படி விழுந்திருக்கின்றன என்று பாருங்கள்.