போலந்து ஃபைட்டர் பைலட் ஒருத்தரோட வாழ்க்கையை தேடிப்பிடிச்சு எழுதறது எப்படி

ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டன்ல இருந்து பறந்த போலந்து பைலட்டுகளைப் பத்தி எழுத ஆசைப்படறவங்க முக்கால்வாசி பேரு பிரிட்டன் வானத்துல ஜெர்மன் விமானப்படையோட நடந்த சண்டையை மட்டும் பிடிச்சு, 1940 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு அக்டோபர் கடைசில முடிச்சுடறாங்க. போலந்து பைலட்டுங்களோட 303 ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), லண்டன் பக்கத்து நார்த்தோல்ட் ஏர்ஃபீல்ட், ஹரிக்கேன் சண்டை விமானம், எத்தனை ஜெர்மன் பிளேன் விழுந்துச்சு, அவ்ளோதான் கதை. ஆனா அந்த ஆளு நார்த்தோல்ட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாரு, போர் முடிஞ்சப்புறம் ஏன் ஊர் திரும்பல, மிச்ச காலம் பூரா என்ன வேலை பாத்து பொழைச்சாருன்னு தேடினா தான் நாட்டை இழந்தவங்களோட வாழ்க்கை கொஞ்சமாவது பிடிபடும். அதுக்கான பேப்பர் எல்லாம் நாலஞ்சு நாட்டுல சிதறிக் கிடக்கு, எதை முதல்ல எடுக்கணும்னு தெரியலைன்னா மாசக்கணக்குல சுத்த வேண்டியது தான்.

முதல் வேலை பேரை நம்பாதீங்க, சர்வீஸ் நம்பரைப் பிடிங்க. பிரிட்டிஷ் கிளார்க்குங்க போலிஷ் எழுத்துல இருக்கற கோடு, புள்ளி, வால் எல்லாத்தையும் விட்டுட்டு டைப் அடிச்சிருப்பாங்க, அதனால பிரிட்டிஷ் ஆவணத்துல வெறும் எழுத்தா தேடணும், போலிஷ் ஆவணத்துல சரியான எழுத்தோட தேடணும். அப்படித் தேடினாலும் ஒரே பேர்ல ரெண்டு பேர் வருவாங்க. 1940 சண்டைலயே ரெண்டு க்வொவாட்ஸ்கி உண்டு. அந்தோனி க்வொவாட்ஸ்கி 501 ஸ்குவாட்ரன்ல ஆகஸ்ட் 24 ஒரே நாள்ல அஞ்சு விமானத்தை வீழ்த்தினதா கணக்கு, பின்னாடி நியூசிலாந்து போயி செட்டில் ஆனவரு. விட்டோல்ட் க்வொவாட்ஸ்கி செப்டம்பர் 24ஆம் தேதியே செத்துப்போனவரு. இந்த ரெண்டு பேரையும் கலந்து ஒரே ஆளா எழுதினா செத்தவரை நியூசிலாந்துக்கு அனுப்பி வெச்ச கதையாயிடும்.

நம்பரைக் கண்டுபிடிக்க லிஸ்தா க்ஷிஸ்த்கா தான் நல்ல ஆரம்பம், 1940ல இருந்து 1947 வரைக்கும் பிரிட்டன்ல இருந்த போலந்து விமானப்படை ஆளுங்களோட பட்டியல், ஆன்லைன்ல இலவசமா பாக்கலாம். பிறந்த தேதி, ரேங்க், நம்பர், பலருக்கு இறந்த இடம் கூட இருக்கும். ஆபீசர்னா ஆங்கில P எழுத்துல ஆரம்பிக்கற நம்பர். ரொம்ப ஆரம்பத்துலயே பிரிட்டன் வந்த ஆபீசருக்கு அதுக்கு முன்னாடி 76ல ஆரம்பிக்கற ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) நம்பரும் இருக்கும், ஏன்னா முதல்ல வந்தவங்களை ஆர்ஏஎஃப் ரிசர்வ்ல சேத்து பிரிட்டிஷ் ராஜா பேர்ல சத்தியம் வாங்கினாங்க, 1940 ஆகஸ்ட் 5 பிரிட்டன்-போலந்து ஒப்பந்தத்துக்கு அப்புறம் தான் போலந்து விமானப்படை தனிப் படையா ஆச்சு. சார்ஜென்ட் மாதிரி ஆளுங்களுக்கு 78, 79, 70 இப்படி ஆரம்பிக்கற ஆறு இலக்க நம்பர். சார்ஜென்ட்டா இருந்து ஆபீசர் ஆனவருக்கு ரெண்டு நம்பர் வந்துடும், ரெண்டையும் குறிச்சு வெச்சுக்கோங்க, இல்லாட்டி 1942ல ஆளு திடீர்னு காணாமப் போன மாதிரி இருக்கும்.

ரேங்க்லயும் இதே தலைவலி தான். ஒருத்தருக்கு போலந்து ரேங்க் ஒண்ணு, ஆர்ஏஎஃப்ல அவர் பாக்கற வேலைக்கான ரேங்க் வேற ஒண்ணு, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும். போலந்து கணக்குல கேப்டனா இருக்கறவரு ஸ்குவாட்ரன் லீடரா கமாண்ட் பண்ணிட்டு இருப்பாரு. எதை எழுதறீங்களோ அது எந்தப் படையோட ரேங்க்னு சொல்லிடுங்க.

அடுத்து பின்னாடி போங்க. இவங்கள்ல நிறைய பேர் 1918க்கு முன்னாடி பிறந்தவங்க, அப்ப போலந்துன்னு ஒரு நாடே மேப்ல கிடையாது, அதனால பிறப்புப் பதிவு ரஷ்ய சாம்ராஜ்யத்துலயோ ஆஸ்திரியாலயோ ஜெர்மனிலயோ இருக்கும். போலந்தோட பேர்போன ஃபைட்டர் பைலட் ஸ்தானிஸ்வாஃப் ஸ்கால்ஸ்கி 1915ல பிறந்த கோதிமா இப்ப உக்ரைன்ல இருக்கு. போலந்து அரசு ஆவணக் காப்பகங்களோட ஆன்லைன் தேடல்ல சர்ச் ரெஜிஸ்டர் நிறைய ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க, வார்சா பக்கத்து பழைய பதிவுகள் ரஷ்ய மொழில இருக்கும், பயப்படாதீங்க. ஆபீசர்னா தெம்ப்லின் விமானப்படைப் பள்ளில எந்த பேட்ச்னு பாருங்க, ஏன்னா பின்னாடி ஸ்குவாட்ரன்ல யாரு யாருக்கு நண்பன்ங்கறது பாதி அங்கயே முடிவாயிருக்கும்.

இப்ப 1939 செப்டம்பர். என்னைக் கேட்டா உங்க உழைப்புல பெரும்பகுதியை இங்க போடுங்க. 1ஆம் தேதி ஜெர்மனி உள்ள வருது, 17ஆம் தேதி கிழக்குல இருந்து சோவியத் படை வருது, விமானப்படை ஆளுங்களுக்கு ருமேனியா எல்லையைத் தாண்டச் சொல்லி உத்தரவு வருது. ருமேனியால பிடிச்சு கேம்ப்ல போடறாங்க, அங்க இருந்து காவலாளிக்கு லஞ்சம் குடுத்தோ நழுவியோ வெளிய வந்து, சிவில் டிரெஸ்ல, தொழிலையே மாத்திப் போட்ட பாஸ்போர்ட்டோட கருங்கடல் ஓரத்துல பால்ச்சிக் துறைமுகத்துக்குப் போயி, ஆயோஸ் நிகோலாவோஸ் மாதிரி நெரிசல் கப்பல்ல பெய்ரூட், அங்க இருந்து மார்செய். இன்னும் சிலர் ஹங்கேரி, யூகோஸ்லாவியா, கிரீஸ் வழியா. சோவியத் கைல மாட்டினவங்க கதை தனி, அதுல உயிரோட மிஞ்சினவங்க 1941 ஜூலைல போலந்து அரசு சோவியத்தோட போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் தான் பிரிட்டன் பக்கம் வர முடிஞ்சுது. உங்க ஆளு எந்த வழில வந்தாருன்னு தெரிஞ்சா பிரான்ஸ்ல எப்ப சேர்ந்தாரு, லியோன்-ப்ரோன் பயிற்சி மையத்துல எவ்ளோ நாள் சும்மா உக்காந்திருந்தாரு எல்லாம் தன்னால வரிசையா வந்துடும். 1940 ஜூன்ல பிரான்ஸ் விழுந்தப்ப மறுபடி ஓட்டம், செயின்ட்-ழான்-து-லூஸ்ல அரந்தோரா ஸ்டார் கப்பல் ஏறினவங்க உண்டு, வட ஆப்பிரிக்கா போயி கசபிளாங்கா, ஜிப்ரால்டர்னு சுத்தி வந்தவங்களும் உண்டு. ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு நாடு கண் முன்னாடி விழுந்ததைப் பாத்துட்டு வந்தவன், அதை எழுதாம நேரா ஹரிக்கேன்ல ஏத்தி விட்டா எப்படி?

பிரிட்டன் காலத்துக்கு ஆவணம் தாராளமா இருக்கு. லண்டன்ல கியூ (Kew) பகுதில இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல ஏர் 27 வரிசைல ஸ்குவாட்ரன் தினப்பதிவு, ஏர் 50ல சண்டை முடிஞ்சு வந்து பைலட் எழுதிக் குடுத்த காம்பேட் ரிப்போர்ட், ரெண்டையும் டவுன்லோட் பண்ணலாம். தினப்பதிவுல ஃபார்ம் 540 பொதுவான சுருக்கம், ஃபார்ம் 541ல தான் யாரு எந்த பிளேன்ல எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கினாங்கன்னு இருக்கும், அதை விடாதீங்க. போலிஷ் பக்கத்துக்கு லண்டன் பிரின்சஸ் கேட்ல இருக்கற சிகோர்ஸ்கி மியூசியம். 303 பைலட் மிரோஸ்வாஃப் ஃபெரிச் தன் டைரியா ஆரம்பிச்சு பின்னாடி 303ஓட குறிப்பேடாவே மாறின நோட்டுகள் அங்க தான் இருக்கு, அவர் 1942 பிப்ரவரி 14 நார்த்தோல்ட்லயே விபத்துல செத்தப்புறமும் மத்தவங்க தொடர்ந்து எழுதினாங்க.

ஃபோட்டோ கிடைச்சா உடனே குதிக்காதீங்க. பிளேன் பக்கவாட்டுல எழுதியிருக்கற ஸ்குவாட்ரன் எழுத்து ஆர்எஃப்னா 303, டபிள்யூஎக்ஸ்னா 302, பிகேன்னா 315. 303 பைலட் யான் ஜும்பாஹ்னா டொனால்ட் டக் படம் போட்ட ஆர்எஃப்-டி ஸ்பிட்ஃபயர்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆர்எஃப்-டின்னு ஒண்ணுக்கு மேல பிளேன் இருந்துச்சு. சீரியல் நம்பர் தெரிஞ்சா ஃபார்ம் 541ஓட ஒத்துப் பாருங்க, அன்னிக்கு ஓட்டினது வேற ஆளா கூட இருக்கும்.

எத்தனை வீழ்த்தினாருங்கற கணக்குக்கு போலந்து பைலட்டுங்களோட வெற்றிகளைத் தொகுத்த பாயன் கமிஷன் பட்டியலை எடுங்க, அதுல உறுதியானது, அநேகமா, சேதம்னு மூணு பத்தி இருக்கும். ஸ்கால்ஸ்கிக்கு 18 11/12னு பின்னம் வரும், பங்கு போட்ட வெற்றிகளால. 303க்கு 1940 சண்டைல 126ன்னு சொல்றது அப்ப ஒத்துக்கிட்ட கிளைம், பின்னாடி ஜெர்மன் இழப்புப் பதிவோட ஒப்பிட்டவங்க குறைவா தான் சொல்றாங்க. "கிளைம்"னே எழுதுங்க, யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. இதுக்கு மேல இந்த எண்ணிக்கைல நேரம் செலவழிக்கறது வேஸ்ட்.

1945க்கு அப்புறம் தான் பலர் கைவிடற இடம். ஜூலை 5 அன்னிக்கு பிரிட்டன் லண்டன்ல இருந்து இயங்கின, நாடு கடந்த போலந்து அரசோட அங்கீகாரத்தை எடுத்துடுச்சு. ல்வோவ் (இப்ப லிவிவ்), வில்னோ (இப்ப வில்னியஸ்) ஊர்க்காரங்களுக்கு ஊரே போலந்துல இல்லாம சோவியத் பக்கம் போயிடுச்சு, திரும்பிப் போறதுன்னா எங்க போறது? 1946ல ஆரம்பிச்ச போலிஷ் ரீசெட்டில்மென்ட் கோர்ல (சிவில் வாழ்க்கைக்கு மாத்தற படைப்பிரிவு) ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்துப் போட்டு, ஆங்கிலம் கத்துக்கிட்டு, சிவில் வேலை தேடிக்கிட்டு வெளிய வந்தாங்க. உங்க ஆளு பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருந்தா லண்டன் கெசட்ல (பிரிட்டிஷ் அரசிதழ்) பேர் வந்திருக்கும், பக்கத்துலயே அட்ரஸும் தொழிலும் போட்டிருப்பாங்க. மெடல் வாங்கின பைலட் பேருக்கு எதிர்ல ஏதோ ஃபேக்டரி வேலைன்னு இருக்கறதைப் பாக்கறப்ப மனசு கொஞ்சம் கனக்கும், ஆனா அந்த ஒரு வரி பத்து சண்டை விவரணையை விட அதிகமா சொல்லும். பிரிட்டன்ல இல்லைன்னா கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா பக்கம் பாருங்க. 303க்கு கமாண்டரா இருந்த வித்தோல்த் உர்பனோவிச் நியூயார்க்ல 1996ல செத்தாரு. ஜும்பாஹ் கடத்தல் பண்ணி, ஆப்பிரிக்கால கடாங்கா, பியாஃப்ரா போர்ல கூலிக்குப் பறந்து, கடைசில பிரான்ஸ்ல முடிச்சாரு. இந்த மாதிரி ஆளு தானே சொல்ற கதைகளை அப்படியே நம்பாம, கொஞ்சம் சந்தேகத்தோடயே படிங்க.

ஊர் திரும்பினவரா இருந்தா வார்சால தேசிய நினைவு நிறுவனம், சுருக்கமா ஐபிஎன், கம்யூனிஸ்ட் காலத்து ரகசியப் போலீஸ் ஃபைல் எல்லாம் அங்க தான். ஸ்கால்ஸ்கி 1947ல திரும்பினாரு, 1948ல உளவாளின்னு கைது, சித்திரவதை, 1950ல மரண தண்டனை, அதை ஆயுளாக் குறைச்சு 1956ல தான் விட்டாங்க. இப்படிப்பட்ட ஃபைல்ல இருக்கற வாக்குமூலத்தை அவரே சொன்னதா மேற்கோள் போடாதீங்க, அடிச்சு வாங்கினது அது. யாரு விசாரிச்சாங்க, எந்தத் தேதி, என்ன கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாங்கங்கறதை மட்டும் எடுத்துக்கோங்க, அவரோட குரல் வேணும்னா கியூல இருக்கற காம்பேட் ரிப்போர்ட்டுக்கும் 1956க்கு அப்புறம் அவர் குடுத்த பேட்டிகளுக்கும் போங்க.