பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோர் மனதில் உள்ளதைக் கொண்டுவருவது எப்படி?

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி நான். மற்ற நேரத்தில் தையல் மெஷின். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, மானியம் எங்கே செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது எல்லாம் எங்கள் வேலை. ஆனால் கூட்டத்தில் "ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க" என்று கேட்டால் எல்லாரும் தரையைத்தான் பார்ப்போம். நாளைக்கும் பிள்ளை அங்கேதானே படிக்கப் போக வேண்டும்!

முதலில் கருத்துப் பெட்டி வைத்தேன், அதுவும் தலைமை ஆசிரியர் அறை வாசலில். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் இரண்டு மிட்டாய்த் தாள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தைத் தவிர எதுவும் வராது.

அதனால் ஆட்கள் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை மரத்தடி, சாயங்காலம் பள்ளி கேட். நோட்டை வெளியே எடுக்காதீர்கள், பேச்சு நின்றுவிடும். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம்.

"பள்ளிக்கூடம் எப்படி?" என்றால் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். வீட்டுப்பாட நோட்டில் கடைசியாக எப்போது சிவப்பு மை பட்டது? பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் வருகிறது?

தண்ணீர்க் கேள்விக்கு ஓர் அம்மா, "குடுத்துவிட்டது அப்படியே வருதுக்கா" என்றாள். இன்னும் பத்துப் பேரைக் கேட்டேன். ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் வீட்டில் எல்லாம் அதே கதை. பிள்ளைகளைக் கேட்டதும் விஷயம் வந்தது: கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடலாம் என்று இருந்திருக்கிறார்கள். எங்கள் தீர்மான நோட்டிலோ 'கழிப்பறை வசதி உள்ளது' என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நானும்தான்.

எழுதும்போது யார் சொன்னது என்று வேண்டாம், எந்த வகுப்பு, எத்தனை பேர் என்று மட்டும் போதும். பிள்ளையை அடிக்கிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் மட்டும் கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

கூட்டத்துக்கு முதல் நாளே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடுவேன். சபையில் திடீரென்று போட்டு உடைத்தால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும், அப்புறம் வேலை நடக்காது. தீர்மானத்தில் 'கழிப்பறை சீரமைக்கப்படும்' என்று எழுத விடாதீர்கள். 'மூன்று கதவுக்குத் தாழ்ப்பாள், வரும் வெள்ளிக்குள், பொறுப்பு வார்டு உறுப்பினர்' என்று எழுத வையுங்கள்.

வேலை முடிந்ததும் சொன்னவரிடம் திரும்பப் போங்கள். நான் போனபோது அந்த அம்மா, "பாட்டில் இப்ப காலியா வருதுக்கா" என்றாள். கையோடு, "அந்தத் தண்ணித் தொட்டிய எப்பக்கா கழுவுனாங்க?" என்றும் கேட்டாள். அது அடுத்த மாத நோட்டில் இருக்கிறது.