விளம்பரத் தடுப்பான் போட்டாச்சு, அப்புறம் என்ன தவறு?

விளம்பரத் தடுப்பானை நிறுவும்போது பிரவுசர் ஒரு அனுமதி கேட்கும்: எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கலாமா, மாற்றலாமா? பலரும் படிக்காமலே சரி கொடுத்துவிடுகிறோம். பக்கத்துக்குள் நுழையாமல் விளம்பரத்தை அகற்ற முடியாது என்பதால் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நீங்கள் திறக்கும் வங்கிப் பக்கமும் மின்னஞ்சலும் அந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் சிறு நிரல்) கண்ணில் படும்.

அதனால் பெயரை மட்டும் நம்பி நிறுவுவதுதான் என் கணக்கில் முதல் தவறு. ரேமண்ட் ஹில் என்ற நிரலாளர் 2014இல் எழுதிய யூபிளாக் என்ற தடுப்பான், 2015இல் வேறொருவர் கைக்குப் போனது. ஹில் தனியே பிரித்து இன்றுவரை கவனித்துவருவது யூபிளாக் ஆரிஜின். இரண்டும் ஒன்றல்ல. பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் ஸ்டோரில் தேடினால் இதேபோன்ற பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். உருவாக்கியவர் யார் என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

நிறுவியதும் அமைப்புகளைத் திறந்து பார்க்காமல் விடுவது அடுத்தது. ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பான் 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு பகுதியைத் தானாகவே அனுமதிக்கிறது. வேண்டாம் என்றால் நாம்தான் அணைக்க வேண்டும். ஆட்பிளாக் பிளஸில் ஈஸிலிஸ்ட் என்ற தடுப்புப் பட்டியல் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும். தளம் தளமாக நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களுக்கான ஈஸிபிரைவசி பட்டியலைத் தேடிப்போய் இயக்க வேண்டும். விளம்பரம் கண்ணில் படவில்லை என்பதற்காக யாரும் பின்தொடரவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. டிராக்கர் கண்ணுக்குத் தெரியாமல்தான் வேலை செய்யும்.

குரோமில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளைக் கூகுள் மாற்றிய மேனிஃபெஸ்ட் வி3க்குப் பிறகு யூபிளாக் ஆரிஜின் அங்கே வேலை செய்வதில்லை. சில வசதிகள் குறைந்த லைட் பதிப்புதான் கிடைக்கிறது. முழுப் பதிப்பு வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸுக்குப் போகலாம்.

இரண்டு மூன்று தடுப்பான்களை ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும், பக்கமும் மெதுவாகும். பிரவுசரின் மறைநிலைச் சாளரமான இன்காக்னிட்டோவை நம்பாதீர்கள்; அது உங்கள் கணினியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். குரோமில் நீங்களாக அனுமதிக்காதவரை உங்கள் எக்ஸ்டென்ஷனும் அங்கே இயங்காது.

கடைசியாக, நான் அடிக்கடி பார்க்கிற தவறு. ஏதோ ஒரு தளத்தில் பணம் செலுத்தும் பொத்தான் அசையாது. உடனே தடுப்பானையே மொத்தமாக அணைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் மீண்டும் இயக்க மறந்துவிடுவார்கள். பல வாரம் அப்படியே கிடக்கும். யூபிளாக் ஆரிஜினில் பிரவுசரின் மேலே உள்ள கேடயச் சின்னத்தை அழுத்தினால் பெரிய பவர் பொத்தான் வரும். அதைத் தட்டினால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணையும். பக்கத்தை ரீலோட் செய்யுங்கள், பணத்தைச் செலுத்துங்கள், அதே பொத்தானை மறுபடி தட்டிவிடுங்கள்.